அவசரம் மூடியைத் திறக்காத நாள்

மாமனார் வீட்டில் அவருக்கு வைத்த பெயர் 'அவசரம்'. வைத்தவர் மச்சான். மனைவியின் அண்ணன், கறிக்கடைக்காரர், நான்கு தெருவுக்குக் கேட்கும் குரல் உடையவர்.

பெயர் வந்த கதை சின்னதுதான். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை முதல் வாய் எடுத்து வைப்பதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. எங்கோ ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண் பக்கத்தில் கோட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டு முடித்திருந்தாள். "தங்கச்சியை ஒரு அவசரத்துக்குக் கட்டிக் கொடுத்துட்டோம்" என்றார் மச்சான். கூடமே சிரித்தது. அன்று ஒட்டிய பெயர் அதற்கப்புறம் எந்த எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

உள்ளதைச் சொன்னால், பொருந்தாத பெயரும் இல்லை. மனிதர் தேநீரை ஆறவிட்டுக் குடித்ததாகச் சரித்திரம் கிடையாது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வார், அதுவும் வேறு கேள்விக்கு. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், மத்தியானம் யாராவது சொன்னால்தான் தெரியும். மாமனாரின் பிறந்தநாள், மச்சானின் கடைத் திறப்பு என்று குடும்பத்தில் எது நடந்தாலும் கேக் வெட்டும்போது இருப்பார், கேக் கொடுக்கும்போது இருக்கமாட்டார். எடுத்த புகைப்படங்களில் எல்லாம் அவர் பாதி எழுந்த நிலையில்தான் இருக்கிறார்.

அவரிடம் அவசரப்படாமல் வளர்ந்த ஒரே பொருள் மீசை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கும் மீசை, இரண்டு பக்கமும் கன்னம் வரை போய்த் திரும்பி மேலே பார்க்கும். மனைவிகூட அவருடைய மேலுதட்டைக் கண்டதில்லை. காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று சீப்பால் அதை ஒதுக்கும் நேரம் ஒன்றுதான் அந்த வீட்டில் அவர் நிதானமாக இருக்கும் நேரம் என்று அவள் சொல்வாள்.

அந்த மீசைக்குத்தான் ஆபத்து வந்தது, ஒரு பன்றித் தோளால்.

மேல் வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனபோது, மொட்டைமாடியில் ஒரு கரி அடுப்பை விட்டுவிட்டுப் போனார். உருண்டையான இரும்புச் சட்டி, அதன்மேல் அதே அளவு உருண்டையான மூடி, மூன்று கால். கெட்டில் கிரில் என்பார்கள். அடியில் ஒரு காற்று வாசல், மூடியின் தலையில் ஒரு காற்று வாசல். இரண்டையும் திருகித் திருகி நெருப்பைச் சொன்னபடி கேட்க வைக்கலாம். நம்மவர் அதைத் தேய்த்துக் கழுவி, துருவை எடுத்து, ஆடிய காலை முறுக்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். பிறகு ஒரு நாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். முழுப் பன்றித் தோளை எலும்போடு அந்த அடுப்பில் வைத்து, சின்ன நெருப்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேகவைத்து, கத்தியே இல்லாமல் கையால் நார் நாராகப் பிய்த்தெடுக்கிறார்கள். எலும்பைப் பிடித்து இழுத்தால் வெண்ணெயிலிருந்து மயிர் உருவுவதுபோல் வருகிறது. மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

முதல் தடவை அவர் செய்தது, மூடியைத் திறந்து திறந்து பார்த்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடெல்லாம் ஆகாயத்துக்குப் போனது. இருட்டும் வரை வைத்திருந்தும் கறி வெளியே வெந்து உள்ளே அழுத்தமாக இருந்தது. இரண்டாம் தடவை, பாதி வழியில் சூடு ஏறாமல் நின்றுவிட்டது. நின்றுவிட்டதே என்று கூடை நிறையக் கரியை அள்ளிப் போட்டார். அன்றைக்குத் தோள் கரியோடு கரியானது. விருந்துக்கு வந்திருந்த மச்சான் தன் கத்தியை எடுத்து, அதை மெல்ல வெட்டி, ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல செருப்பு தைக்கலாம்" என்றார். அவருக்குக் கத்தி இல்லாமல் சாப்பிடும் கறி என்பதே தன் தொழிலுக்குச் செய்யும் அவமரியாதை.

மூன்றாம் தடவை தோள் வாங்கக் கடைக்குப் போனபோது மச்சான் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "இன்னொண்ணா? பாவம் அந்தப் பன்னி. உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை பொறுமை கேக்குற சமையல்? நீங்க அவிச்ச முட்டையையே பாதியில எடுக்கிற ஆளு."

கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நம்மவர் முகம் சிவந்தது. வாய் முந்திக்கொண்டது.

"இந்தத் தடவை கத்தி படாம எலும்பு கையோட வரலைன்னா, என் மீசையை எடுத்துடறேன்."

கத்தி தீட்டும் சத்தம் நின்றது. "நிஜமாவா?"

"நிஜமா. வந்துட்டா, இனிமே என்னை அவசரம்னு கூப்பிடக் கூடாது. நீங்க மட்டும் இல்ல, உங்க வீட்ல ஒருத்தரும் கூப்பிடக் கூடாது."

"சரி" என்றார் மச்சான் பெரிய மனதோடு. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். கறியை வெச்சுச் சாப்பிட பன் நான் வாங்கிட்டு வர்றேன். கத்தியும் கொண்டு வர்றேன், எப்படியும் தேவைப்படும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "மேலுதடு எப்படி இருக்கும்னு எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனா இப்படி வேணாம்" என்றாள்.

சனிக்கிழமை ராத்திரியே உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுப்பொடி எல்லாம் கலந்து தோள் முழுக்கத் தேய்த்து, ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக இருவரும் மொட்டைமாடியில் இருந்தார்கள். லிஃப்டின் மோட்டார் அறை அங்கேதான் இருந்தது, தகரக் கதவும் சாய்ந்த பட்டைகள் வைத்த ஜன்னலும் உள்ள ஒரு சின்ன அறை. காற்று நேராக அடித்தால் கரி சரசரவென்று எரிந்துவிடும் என்று அந்த அறைச் சுவரின் மறைவில் அடுப்பை வைத்தார்.

கரிக்கட்டிகளைச் சட்டியின் ஓரமாக வட்டம் முழுதாகச் சேராத வளையமாக, பாம்பு படுத்ததுபோல் இரண்டு வரிசை அடுக்கினார். வாலில் மட்டும் நெருப்பு வைத்தார். அது மெல்ல மெல்லத் தலையை நோக்கி ஊர்ந்து போகும், நாள் முழுக்கப் போகும். பாம்பின் முதுகில் அங்கங்கே பழமரக் கட்டைத் துண்டுகள், புகைக்காக. நடுவில் தண்ணீர்த் தட்டு. அதற்கு மேல் கம்பித் தட்டில் தோள். கறிக்குள் வெப்பமானியின் ஊசியைக் குத்தி, அதன் ஒயரை மேல் வாசல் வழியாக வெளியே எடுத்து, எண் காட்டும் சின்னப் பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்தார். மூடியை மூடினார். மூடியபின் அவர் கை மூடியின் பிடியிலேயே இருந்தது.

"கையை எடுங்க" என்றாள் மனைவி. அவள் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் மரக்கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்ற வரைக்கும் இந்த மூடியைத் தொட்டீங்க, விரல் மொளியில ஒண்ணு வைப்பேன்."

காலை முழுக்க எண் ஒழுங்காக ஏறியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே மாடியைச் சுற்றி வந்தார். புகை நீல நூலாக எழுந்தது. கீழ்வீட்டுப் பையன்கள் ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டினார்கள். மத்தியானம் எண் எழுபதைத் தொட்டது.

அங்கே உட்கார்ந்துகொண்டது.

இது நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் கறிக்கு வேர்க்கும். மனிதனுக்கு வேர்த்தால் உடம்பு குளிர்வதுபோல அதுவும் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். வேர்வை அடங்கும் வரை சூடு ஏறாது. ஏறாதபோது நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லைதான் அவருக்கு வராது. நின்றுபோன ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த லிஃப்ட் மெக்கானிக்கால் முடியும்? நின்றது என்றால் எழுந்து ஓட வேண்டும் என்றுதான் அந்தக் கால்கள் பழகியிருந்தன.

"கொஞ்சூண்டு கரி போடட்டுமா?"

"வேணாம்."

"அடி வாசலை ஒரு விரக்கடை திறக்கட்டுமா?"

"உட்காருங்க."

"ஒயர் கழண்டுருக்குமோ? சும்மா ஒரு தடவை திறந்து..."

மரக்கரண்டி மொளியில் விழுந்தது. அவர் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஒரு முழு முட்டைக்கோஸையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தாள். "பொடிசா நறுக்குங்க. பன்ல வைக்க." ஒன்று முடிந்ததும் இன்னொன்றை வைத்தாள். ஊருக்கே போடுமளவுக்கு முட்டைக்கோஸ் சேர்ந்தது. எழுபது எழுபதாகவே இருந்தது. அவர் மீசையின் இடது நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே பிரிவு உபசாரமா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். எழுபத்தொன்று.

"ஏறிடுச்சு" என்றார். நாற்காலியோடு அவளைத் தூக்கப் பார்த்தார். முட்டைக்கோஸ் மாடி முழுக்கச் சிதறியது. எழுபத்திரண்டு. எழுபத்தைந்து. இப்போது எண் மாடிப்படி ஏறுகிற குழந்தைபோல் நின்று நின்று ஏறியது, ஆனால் ஏறியது. எண்பதைத் தாண்டியபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலின் முன்னால் குந்தியிருந்தார்கள். தொண்ணூற்றைந்தைத் தொட்டால் எலும்பு கழலும். எண்பத்தெட்டில் காற்று திரும்பியது.

அவர் கவனிக்கவில்லை. அதுவரை வெளிப்பக்கமாகப் போன புகை, சுவரில் மோதித் திரும்பி, பட்டை ஜன்னல் வழியாக மோட்டார் அறைக்குள் வரிசையாகப் போக ஆரம்பித்தது. உள்ளே கூரையில் புகைமணி ஒன்று இருந்தது. போன மாதம் அவரே மாட்டியது. புகை கண்டால் மின்சாரத்தை வெட்டும்படி இணைத்திருந்தார். முறைப்படி, வெட்டுவதற்கு முன் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறக்கும் இணைப்பு ஒன்றும் வைக்க வேண்டும். ஊரில் எல்லாக் கட்டடத்துக்கும் பார்த்துப் பார்த்து வைத்தவர், சொந்தக் கட்டடம்தானே, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று ஏணியிலிருந்து இறங்கியிருந்தார்.

மணி கிறீச்சிட்டது. அதுவரை உள்ளே உருண்டுகொண்டிருந்த மோட்டார் சட்டென்று அடங்கியது. உருண்டுகொண்டிருந்தது என்றால் லிஃப்ட் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்றால் உள்ளே ஆள் இருக்கிறார்.

அவர் கதவைத் திறந்து உள்ளே பாய்வதற்குள் லிஃப்ட் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதற்கான தொலைபேசி சுவரில் அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டார்.

"யாரு?"

"நான்தான் மாப்பிள்ளை." நான்கு தெருவுக்குக் கேட்கும் குரல், கிணற்றுக்குள் விழுந்த தகர டப்பா மாதிரிச் சுருங்கியிருந்தது. "விளக்கு போச்சு. கதவு திறக்க மாட்டேங்குது."

"மச்சானா? உங்களைச் சாயங்காலம்தானே வரச் சொன்னேன்?"

"மீசை எடுக்கிறதுக்கு முன்னாடி இடம் பிடிக்கலாம்னு வந்தேன்யா. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. எனக்கு மூச்சு முட்டுது."

பின்னால் இரும்பை இரும்பு பிறாண்டும் சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"கத்தி. கதவு நடுவுல விட்டு நெம்பிக்கிட்டு இருக்கேன்."

நம்மவர் ஒரு மூச்சு விட்டார். பிறகு பேசினார். வாசலில் வந்து நின்ற மனைவிக்கு ஒரு நொடி யார் பேசுகிறார் என்றே சந்தேகமாகிவிட்டது. அந்தக் குரலை வீட்டில் அவள் கேட்டதே இல்லை.

"மச்சான். கத்தியைக் கீழ வைங்க. ஆங், தரையில. வெச்சாச்சா? இப்போ கதவைவிட்டுப் பின்னாடி வந்து சுவத்துல முதுகு சாஞ்சு உட்காருங்க. காத்து உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கு, மேல ஓட்டை வெச்சிருக்கு. மூச்சு முட்டாது. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்."

அவளிடம் திரும்பினார். "அடுப்போட ரெண்டு வாசலையும் இழுத்து மூடு."

"மூடினா நெருப்பு செத்துடும்ங்க."

"தெரியும். புகை உள்ள வந்துக்கிட்டே இருந்தா இங்க நாம நிக்க முடியாது."

"மீசை?"

"உங்க அண்ணன் உள்ள இருக்கார். மூடிட்டு வா, எனக்கு ஒரு கை வேணும்."

அவள் ஓடிப்போய் இரண்டு வாசலையும் மூடினாள். நீல நூல் அறுந்தது. காலையிலிருந்து ஊர்ந்து வந்த கரிப் பாம்பு உள்ளே மூச்சுக்குத் திணறுவதை அவர் நினைக்கக்கூட இல்லை. மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மோட்டாரின் பக்கத்தில் கைச்சக்கரத்தை மாட்டினார். அவளைப் பிரேக் நெம்புகோலின் முன்னால் நிறுத்தினார்.

"விடுன்னா அழுத்து. பிடின்னா விட்டுடு. வேற எதையும் யோசிக்காதே."

தனி ஆள் நிற்கும் பெட்டி, மறுபக்கம் தொங்கும் எடைக்கட்டையைவிட இலேசு. பிரேக்கை விட்டால் பெட்டி மேலேதான் போகப் பார்க்கும். அதைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டே போகவிட வேண்டும். அதுதான் வித்தை.

"விடு." சக்கரம் ஒரு விரல் நகர்ந்தது. "பிடி."

"நகருது, நகருது" என்றது ஒலிபெருக்கி. "சுத்துங்க மாப்பிள்ளை, வேகமா சுத்துங்க."

"வேகமா சுத்தினா எடைக்கட்டை இழுத்துக்கும் மச்சான். பதறாத காரியம் சிதறாது. விடு. பிடி. கடையில இன்னிக்கு வியாபாரம் எப்படி?"

"என்னது?"

"வியாபாரம்."

மச்சான் குழம்பிப்போய் வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். விலா நன்றாகப் போனது, ஈரல் தங்கிவிட்டது. விடு, பிடி. ஈரலைப் பற்றி இவர் இரண்டு கேள்வி கேட்டார். மச்சானின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பருமனுக்கு வந்தது. கயிற்றில் மஞ்சள் பெயிண்டால் போட்ட கோடு சக்கரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு வந்தால் பெட்டி மாடியின் மட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் மீசை நுனியில் வேர்வை சொட்டியது. கை மட்டும் அவசரப்படவில்லை.

ஒலிபெருக்கி கேட்டது. "மாப்பிள்ளை, எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"இப்படித்தான்."

"அப்புறம் ஏன்யா எப்பப் பார்த்தாலும் அந்த ஓட்டம் ஓடுறீங்க?"

"உள்ள இருக்கிறவங்களுக்கு நேரம் போகாது மச்சான். அதான், வர்ற வரைக்கும் ஓடணும். வந்துட்டா ஓடக் கூடாது. பிடி."

மஞ்சள் கோடு வந்து நின்றது.

படி இறங்கிப் போய் வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது, மச்சான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கத்தி கிடந்தது, நுனி ஒரு விரல் நீளத்துக்கு உடைந்து. அடியில் ஒரு பை. இருட்டில் உட்காரச் சொன்னதும் அவர் உட்கார்ந்தது பன் பையின் மேல். பன் எல்லாம் தட்டைத் தட்டையாகப் படிந்திருந்தன. அவர் எழுந்து, தங்கையையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து, ஏதோ சொல்ல வந்து, "நல்ல கத்தி" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. கத்திக்காக என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று பேரும் மாடிக்கு ஏறும்போதுதான் நம்மவருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. போய் ஸ்டூலைப் பார்த்தார். எண்பத்தாறு. இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பை இழுத்துச் சுவரைவிட்டு வெகுதூரம் தள்ளி வைத்தார்கள். இரண்டு வாசலையும் முழுக்கத் திறந்தார்.

"யாரு இதை மூடினது?" என்றார் மச்சான்.

"அவர்தான் மூடச் சொன்னார்" என்றாள் தங்கை. "மீசை போயிடுமேன்னேன். 'உங்க அண்ணன் உள்ள இருக்கார்'னார்."

மச்சான் சட்டென்று குந்தி உட்கார்ந்தார். அடி வாசலுக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்தார். "சூடு இருக்கு. லேசா இருக்கு. திறந்து ஊதலாமா?"

"கூடாது."

"ஒரு தடவைதானே, சும்மா பார்க்க..."

"மச்சான், கையை எடுங்க."

மரக்கரண்டி காற்றில் எழுந்ததைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். எண்பத்தைந்து. நம்மவர் தரையில் கன்னத்தை வைத்து அடி வாசல் வழியாக உள்ளே பார்த்தார். இருட்டு. இருட்டுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டே இருந்தார். புள்ளி ஒரு தடவை மங்கியது, பிறகு மூச்சு விட்டதுபோல் பெரிதானது. பக்கத்தில் இன்னொன்று விழித்தது.

"உயிர் இருக்கு" என்றார் தரையிலிருந்தே.

"எண்பத்தாறு" என்று கத்தினார் மச்சான். அந்தக் குரல் இப்போது ஐந்து தெருவுக்குக் கேட்டிருக்கும். அதற்குப்பின் ஸ்கோர் சொல்லும் உத்தியோகத்தை அவர் எடுத்துக்கொண்டார். எண்பத்தேழுக்குத் தொடையில் தட்டினார். தொண்ணூறுக்குத் தங்கை முதுகில் தட்டினார். தொண்ணூற்றுநாலில் எண் கொஞ்சம் தயங்கியபோது எழுந்து மாடியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நம்மவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் தொண்ணூற்றைந்து வந்தது. மச்சான் வீட்டு அண்ணியும் பிள்ளைகளும் லிஃப்ட் இல்லாமல் மூச்சு வாங்க ஏழு மாடி ஏறி வந்து சேர்ந்தார்கள். தட்டைப் பன்களைப் பார்த்து அண்ணி சிரித்த சிரிப்பில் மச்சான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி தலையசைத்தாள். நம்மவர் அன்று முதல்முறையாக மூடியைத் திறந்தார்.

தோள் கறுத்துப் பளபளத்து, சுருங்கி, உருகிய கொழுப்பு மேலே மினுங்க உட்கார்ந்திருந்தது. எலும்பின் முனை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. மச்சான் கை நீட்டினார்.

"இல்ல மச்சான். பேப்பர்ல சுத்தி வெக்கணும். சாறு உள்ள இறங்கணும்."

"இன்னுமா?"

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதாண்ணா?" என்றாள் தங்கை. அலுமினியத் தாளிலும் பழைய துண்டிலும் சுற்றி வைத்த பொட்டலத்தின் பக்கத்திலேயே மச்சான் உட்கார்ந்துகொண்டார். இரண்டு தடவை அதைத் தொட்டுப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் நெருங்கி நிற்கப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நம்மவர் ஒரு துணியால் எலும்பின் முனையைப் பிடித்தார். இழுக்கத் தயாராகக் காலைக்கூட அகட்டி வைத்திருந்தார். தேவைப்படவில்லை. எலும்பு சத்தமில்லாமல் அப்படியே வந்தது, ஒரு நார்கூட ஒட்டாமல், கழுவித் துடைத்ததுபோல. அவர் அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது, மீசையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சான் அந்த எலும்பை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "என் வாழ்நாள்ல இவ்வளவு சுத்தமா நான் எடுத்ததில்ல" என்றார்.

இரண்டு முள்கரண்டியால் பிய்க்கப் பிய்க்கக் கறி நாராகப் பிரிந்தது. தட்டுகள் வைத்தார்கள். தட்டைப் பன்களில் கறியை அள்ளி வைத்து, மேலே முட்டைக்கோஸைத் தூவி, எல்லோர் கையிலும் ஒன்று வந்தது. நம்மவர் வாயைத் திறந்தார்.

போன் அடித்தது.

லீவு போட்ட நாள்தான். ஆனால் மற்ற மெக்கானிக் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார், நின்றுபோன லிஃப்ட் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே ஒரு தாயும் கைக்குழந்தையும். நம்மவர் பன்னைத் தட்டில் வைத்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் மச்சான் அந்தப் பெயரைச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள்.

மச்சான் எழுந்தார். மூலையில் இருந்த கருவிப்பையை எடுத்து வந்து மாப்பிள்ளையின் தோளில் மாட்டினார்.

"என்ன மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? உள்ள இருக்கிறவங்களுக்கு நேரம் போகாது. ஓடுங்க."

அவர் ஓடினார். வாசலில் மனைவி குறுக்கே வந்து, ஒரு விரல் கறியை அவர் வாயில் வைத்தாள். முதல் மாடி இறங்குவதற்குள் அது நாக்கில் கரைந்துவிட்டது. புகை, உப்பு, ஓரத்தில் கருகிய சர்க்கரையின் மெல்லிய கசப்பு, அதற்கடியில் நாள் முழுக்கக் காத்திருந்த கொழுப்பின் இனிப்பு. அவர் படியில் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

மேலேயிருந்து மச்சானின் குரல் படிக்கட்டு முழுக்க நிறைந்து கீழே வந்தது. "எல்லாரும் பன்னைக் கீழ வைங்க. கறியைத் திருப்பி அடுப்புல வெச்சு மூடு தங்கச்சி. மாப்பிள்ளை வந்து உட்கார்ற வரைக்கும் ஒருத்தரும் அந்த மூடியைத் தொடக் கூடாது."

"பசிக்குதுப்பா" என்றது ஒரு பிள்ளை.

"பசிக்கட்டும்" என்றார் மச்சான். "எனக்கும்தான் பசிக்குது."